ரேண்டமாகத்தான் பிரித்தேன், அப்புறம் ஏன் பிழை மாறுபாடு இவ்வளவு அதிகம்?

கேள்வி

முதுகலை உளவியல் படிக்கிறேன், ஆய்வுத் திட்டத்துக்காக ஒரு சின்ன நினைவாற்றல் சோதனை செய்தேன். 40 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, 20 பேரை அமைதியான அறையிலும் மீதி 20 பேரைப் பின்னணியில் பேச்சுச் சத்தம் ஓடுகிற அறையிலும் உட்கார வைத்து, 24 சொற்களை வாசித்துக் காட்டி, சில நிமிடம் கழித்து நினைவில் இருப்பதை எழுதச் சொன்னேன். அமைதிக் குழுவின் சராசரி 11.9, சத்தக் குழுவின் சராசரி 9.8. இரண்டிலும் திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) ஏறக்குறைய 4.5. டீ டெஸ்ட் (சராசரி வித்தியாசம் தற்செயலாக வந்ததா என்று பார்க்கும் சோதனை) போட்டால் 1.48தான் வருகிறது, 2.02-ஐத் தாண்டியிருக்க வேண்டும். வழிகாட்டி பார்த்துவிட்டு, "எரர் வேரியன்ஸ் ரொம்ப அதிகம், டிசைனிலேயே குறைத்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். (எரர் வேரியன்ஸ் என்றால் பிழை மாறுபாடு: ஒரே குழுவுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் மதிப்பெண் சிதறுவது.) எனக்குப் புரியாதது இதுதான்: ரேண்டமாகப் பிரித்தாலே தனிநபர் வேறுபாடெல்லாம் சரியாகிவிடும் என்றுதானே படித்தோம்? இன்னும் ஆட்களைச் சேர்த்தால் போதுமா, இல்லை முதலிலிருந்து செய்ய வேண்டுமா?

பதில் 1

பாதிப் பேர் தடுமாறும் இடம் இது. ரேண்டமாகப் பிரிப்பது தனிநபர் வேறுபாட்டைக் குறைப்பதே இல்லை. யார் எந்த அறைக்குப் போகிறார் என்பதில் யாருடைய சாய்வும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 17 சொல் எழுதுபவரும் 5 சொல்லோடு நின்றுவிடுபவரும் இரண்டு அறையிலும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள், அந்த 17-க்கும் 5-க்கும் உள்ள தூரம் எங்கேயும் போகாது. அது அப்படியே டீ கணக்கின் கீழ்ப்பகுதியில், அதாவது எதைக் கொண்டு வகுக்கிறீர்களோ அங்கே, போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் தேடும் வித்தியாசமோ 2.1 சொல்தான்.

ஆட்களைச் சேர்க்கலாம், ஆனால் திட்டப்பிழை (சராசரி வித்தியாசம் தற்செயலாக எவ்வளவு ஆடலாம் என்பதன் அளவு, டீ கணக்கில் வகுக்கும் எண்) பாதியாக வேண்டுமென்றால் ஆட்கள் நான்கு மடங்காக வேண்டும். உங்கள் எண்களிலேயே பாருங்கள். இப்போது திட்டப்பிழை 1.42. ஒரே ஆளை இரண்டு நிலையிலும் சோதித்து, அவருடைய இரண்டு மதிப்பெண்களுக்கும் 0.7 அளவில் ஒட்டுறவு (ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும் பொருத்தம், முழுமையாக இருந்தால் 1) இருப்பதாக வைத்துக்கொண்டால், வித்தியாசத்தின் திட்டவிலக்கம் சுமார் 3.5 ஆகிறது, 20 பேருக்குத் திட்டப்பிழை 0.78. அதே 2.1 சொல் வித்தியாசத்துக்கு டீ 2.7 வந்துவிடும். இதே துல்லியத்தைத் தனித்தனிக் குழு வைத்து எட்ட ஒரு குழுவுக்கு 67 பேர், மொத்தம் 134 பேர் வேண்டும். 20 எங்கே, 134 எங்கே! (0.7 என்பது நான் வைத்துக்கொண்ட எண். நினைவாற்றல் மாதிரி விஷயத்தில் அது பேராசை இல்லை, ஆனால் உங்கள் ஆட்களிடம் என்ன வரும் என்பதைச் செய்துதான் பார்க்க வேண்டும்.)

இந்த யோசனை வயலிலிருந்து வந்தது. 1919-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷருக்கு இருந்த தலைவலியும் இதுதான்: நிலத்தின் ஒரு மூலை செழிப்பு, இன்னொரு மூலை வறட்சி, இதில் எந்த உரம் நல்லது என்று எப்படிச் சொல்வது? நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் எல்லா உரங்களையும் குலுக்கிப் போட்டுச் சோதித்தார். துண்டுக்குத் துண்டு இருந்த வேறுபாடு கணக்கிலிருந்து வெளியே போய்விட்டது. உளவியலில் அந்தத் துண்டு ஒரு மனிதர்.

பதில் 2

முதல் பதிலோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன், ஆனால் ஒரே ஆளை இரண்டு முறை உட்கார வைப்பது இலவசம் இல்லை. இரண்டாவது முறை வருபவருக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும், பழக்கம் வந்திருக்கும், சலிப்பும் வந்திருக்கும். அதனால் பாதிப் பேருக்கு அமைதி முதலில், பாதிப் பேருக்குச் சத்தம் முதலில். சொல் பட்டியலும் இரண்டு வேண்டும், ஒரே பட்டியலைத் திரும்பக் கொடுக்க முடியாது. வரிசை இரண்டு, பட்டியல் இரண்டு, ஆக நான்கு சேர்க்கை, 20 பேர் என்றால் சேர்க்கைக்கு 5 பேர். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சத்தத்தில் தொடங்கியவர்கள் அங்கே பிடித்த ஒரு உத்தியை அமைதியிலும் பயன்படுத்தி, மறுபக்கம் அப்படி நடக்கவில்லை என்றால், வரிசை மாற்றுவதால் அது சரியாகாது. அந்தச் சந்தேகம் வந்தால் முதல் சுற்றை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, யாரும் கேட்காத கேள்வி: சொற்களை வாசித்தது யார்? நான் படிக்கும்போது இதே மாதிரி ஒரு சோதனையில் நானும் ஒரு தோழியும் மாற்றி மாற்றி வாசித்தோம். நான் ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு ஒரு மூச்சு விடுவேன், அவள் விறுவிறுவென்று போய்விடுவாள், கடைசிச் சொல்லில் மட்டும் குரலைத் தாழ்த்துவாள். பிறகு யாருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பதிவைக் கேட்டபோது வெட்கமாகப் போய்விட்டது. நல்லவேளை இரண்டு குழுக்களிலும் கலந்து வாசித்திருந்தோம், அதனால் அது வெறும் இரைச்சலாக, பிழை மாறுபாட்டில் போய்ச் சேர்ந்தது. (இரைச்சல் என்று சொல்வது உங்கள் அறையில் ஓடிய சத்தத்தை அல்ல!) நான் ஒரு குழுவுக்கும் அவள் இன்னொரு குழுவுக்கும் மட்டும் வாசித்திருந்தால் கதையே வேறு, முடிவு சத்தத்தாலா வாசிப்பாலா என்று யாராலும் பிரிக்க முடியாது. முதலாவது உங்கள் கண்ணை மங்கலாக்கும், இரண்டாவது தப்பான பக்கம் காட்டும்.

ஒலிப்பதிவு செய்து ஓட்டுங்கள். எழுத்துப்பிழையோடு எழுதிய சொல்லை ஏற்பதா, பன்மையில் எழுதினால் பாதி மதிப்பெண்ணா என்பதையெல்லாம் திருத்துவதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

கேட்டவர்

வாசித்தது நானும் ஒரு நண்பரும், யார் எப்போது என்று குறித்து வைக்கவில்லை. சரி, பாடம். ஒரு சந்தேகம்: சோதனை முடிந்ததும் எல்லோரிடமும் பதற்றத்துக்கான ஒரு கேள்வித்தாள் கொடுத்திருந்தேன். அதை அன்கோவாவில் (இன்னொரு அளவின் தாக்கத்தைக் கழித்துவிட்டுக் குழுக்களை ஒப்பிடும் முறை) கோவேரியேட்டாக, அதாவது அப்படிக் கழிக்கும் அளவாக, போட்டால் பழைய தரவையே காப்பாற்றிவிடலாமா?

பதில் 3

வேண்டாம். சத்தமே பதற்றத்தைக் கூட்டியிருக்கலாம். அப்படியானால் பதற்றத்தைக் கழிக்கும்போது நீங்கள் தேடும் விளைவிலும் ஒரு பகுதியைக் கழித்துவிடுவீர்கள். கோவேரியேட்டை, குழுவில் உட்காரும் முன்பே அளந்திருக்க வேண்டும். சோதனைக்கு முன் வேறொரு பட்டியலை வைத்து நினைவாற்றலை அளந்திருந்தீர்கள், அது முடிவோடு 0.6 ஒட்டுறவு உள்ளது என்றால், பிழை மாறுபாட்டில் 36 சதவீதம் போயிருக்கும். அப்போதும் உங்கள் டீ சுமார் 1.85-க்குத்தான் ஏறியிருக்கும். அன்கோவாவை மந்திரக்கோல் மாதிரி பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

முன்னளவு எடுத்தால் அதை எண்ணாகவே வையுங்கள். நடுவில் வெட்டி "அதிகம்", "குறைவு" என்று இரண்டாக்கினால், இயல்நிலைப் பரவல் (மணி வடிவப் பரவல்) உள்ள தரவில் ஒட்டுறவு ஐந்தில் நான்கு பங்காகச் சுருங்கிவிடும். ஒரே வயது, ஒரே மதிப்பெண் உள்ளவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தாலும் மாறுபாடு குறையும்தான், ஆனால் முடிவு அவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். எனக்கு அது எப்போதும் கடைசி வழி.

பழைய 40 பேரின் முடிவை இருக்கிறபடியே எழுதுங்கள். டீ 1.48 வந்ததென்றால் சத்தத்துக்கு விளைவே இல்லை என்று அர்த்தம் இல்லை, உங்கள் அளவுகோல் அதைப் பிடிக்கிற அளவுக்குக் கூர்மையாக இல்லை என்பதும் சாத்தியம். முக்கியத்துவம் வரும்வரை, அதாவது டீ அந்த எல்லையைத் தாண்டும்வரை, ஒவ்வொரு மாறியாகப் போட்டுப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

கேட்டவர்

அதைத்தான் நேற்று ராத்திரி செய்துகொண்டிருந்தேன், கோப்பை அழித்துவிட்டேன். புதிதாக 20 பேர், இரண்டு நிலையும், இரண்டு பட்டியலும், ஒலிப்பதிவும். பட்டியல்கள் ஒரே அளவு கடினம்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில் 2

சத்தம் இல்லாமல் வேறு பத்துப் பேரிடம் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள், அவர்களிலும் பாதிப் பேருக்கு முதல் பட்டியல் முதலில், பாதிப் பேருக்கு இரண்டாவது முதலில். பத்துப் பேரை வைத்து இரண்டும் சமம் என்று நிரூபிக்க முடியாது, பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால் கண்ணில் படும், அவ்வளவுதான். மிச்சச் சொச்சத்தை அந்த நான்கு சேர்க்கை பார்த்துக்கொள்ளும். சொற்களின் வரிசையையும் ஆளுக்கு ஆள் கலைத்து இரண்டு மூன்று பதிவாக எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் வரும் சொற்கள் பொதுவாக அதிகம் நினைவில் நிற்கும். அந்த இடத்தில் ஒரே சொல் எப்போதும் வந்தால் சொல் சுலபமா, இடம் சுலபமா என்று தெரியாது.