அறுபது சதவீதம் கட்டிச் செட்டில்மென்ட் செய்துகொள்வதா, முழுவதையும் அடைப்பதா?

கேள்வி: கரைசேராதவன்

எட்டு மாதங்கள் வேலையில்லாமல் இருந்தபோது இரண்டு கிரெடிட் கார்டுகளின் நிலுவையும் ஒரு தனிநபர் கடனின் தவணையும் தடைப்பட்டுவிட்டன. தற்போது வேலை கிடைத்துவிட்டதால் செலவு போக மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்க முடிகிறது. நிலுவை அதிகமுள்ள கார்டின் வசூல் பிரிவினர், 60 சதவீதத்தை ஒரே தடவையில் கட்டினால் கணக்கை முடித்துவிடுவதாகத் தொலைபேசியில் கூறுகிறார்கள். இதற்கிடையில் ஒரு முகவர், கட்டணம் கொடுத்தால் கடன் அறிக்கையில் உள்ள பாதகமான பதிவுகளையெல்லாம் மூன்று மாதங்களில் நீக்கித் தருவதாகச் சொல்கிறார். எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: கணக்குப்பிள்ளை

முகவருக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தைக் கடனுக்குக் கட்டிவிடுங்கள். உண்மையாகவே தவறிய தவணையைப் பற்றிய பதிவை, அது சரியாக இருக்கும்வரை, யாராலும் முறைப்படி நீக்க முடியாது. காலம்தான் அதன் கனத்தைக் குறைக்கும். தவறான பதிவு என்பது வேறு. அடைத்த கடன் நிலுவையில் இருப்பதாகவோ, நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரிலோ இருந்தால், அறிக்கை வெளியிடும் நிறுவனத்திடம் நீங்களே ஆட்சேபம் எழுப்பலாம். ஆகவே முதலில் அறிக்கையை வாங்கி வரிக்கு வரி படியுங்கள்.

அடுத்தது வட்டி. கார்டுக்கு மாதம் 3 சதவீத வட்டி என்றால் கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். வட்டிக்கு வட்டி சேர்த்துக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 42.6 சதவீதம். புதிதாக எதுவும் வாங்காமல், வட்டி சேர்ந்த நிலுவையில் 5 சதவீதத்தை மட்டும் குறைந்தபட்சத் தொகையாகக் கட்டிவந்தால், நிலுவை பாதியாகக் குறைவதற்கே 32 மாதங்கள் ஆகும். எனவே எல்லாக் கடன்களுக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டியபின் மிஞ்சுவதை வட்டி அதிகமுள்ள கடனில் போடுவதுதான் கணக்குப்படி சரி.

பதில்: பழைய கடனாளி

மேலே உள்ள கணக்கில் பிழையில்லை. ஆனால் தவணை தவறி எவ்வளவு நாளாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றில் எது இன்னும் வாராக்கடனாக எழுதப்படாமல் இருக்கிறதோ, அதன் வட்டி குறைவாக இருந்தாலும் அதைத்தான் முதலில் ஒழுங்குக்குக் கொண்டுவருவேன். கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்பதைக் காட்டும் கடன் மதிப்பெண்ணுக்கு முறை வகுத்த அமெரிக்காவின் ஃபைகோ நிறுவனம் தன் முறையைப் பற்றி வெளியிட்டிருக்கும் விகிதத்தில், தவணை கட்டிய வரலாற்றுக்கு மட்டுமே 35 சதவீதம். கடன் அளவுக்கு 30. கடன் வரலாற்றின் நீளத்துக்கு 15. புதிய கடன்களுக்கும் கடன் வகைகளுக்கும் தலா 10. மற்ற முறைகளில் எண்கள் மாறலாம், ஆனால் தவணை தவறாமை பின்னுக்குப் போவதில்லை.

செட்டில்மென்ட் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். நானும் ஒரு கடனை இப்படித்தான் முடித்தேன். வாய்மொழி உறுதியை நம்பிப் பணம் கட்டியதால், மீதித் தொகையைக் கேட்டு ஆறு மாதம் கழித்து வேறொரு வசூல் நிறுவனம் கடிதம் அனுப்பியது. ஆகவே தொகை, கடைசித் தேதி, மீதி தள்ளுபடி ஆகிய மூன்றும் எழுத்தில் வராமல் ஒரு காசும் கட்டாதீர்கள். கட்டிய பிறகு நிலுவையில்லை என்ற சான்றையும் பெற்றுவிடுங்கள். மேலும், செட்டில்மென்ட் செய்த கணக்கு, முழுமையாக அடைத்த கணக்காகப் பதிவாகாது. பின்னாளில் கடன் கேட்கும்போது அதைப் பற்றி விசாரிப்பார்கள். முழுத்தொகையையும் அடைக்க வழியே இல்லாதவருக்கு அது பொருத்தம். வருமானம் திரும்பியிருக்கும் உங்களுக்கு, அபராத வட்டியைத் தள்ளுபடி செய்து மீதியைத் தவணைகளாக வாங்கிக்கொள்ள முடியுமா என்று எழுத்துமூலம் கேட்பதே மேல்.

கரைசேராதவன்

இருவருக்கும் நன்றி. தனிநபர் கடனில் இரண்டு தவணைகள் மட்டுமே பாக்கி என்பதை இப்போதுதான் அறிக்கையில் பார்த்தேன். அதை இந்த மாதமே சரிசெய்கிறேன். முகவரின் அழைப்பை இனி எடுப்பதாக இல்லை. ஒரே ஒரு ஐயம்: கார்டுகளை அடைத்தபின் இரண்டையும் மூடிவிடலாமா?

பதில்: கணக்குப்பிள்ளை

கார்டு கையில் இருந்தால் மறுபடியும் செலவழித்துவிடுவோம் என்ற அச்சம் இருந்தால் தயங்காமல் மூடிவிடுங்கள். மதிப்பெண்ணைவிட அது முக்கியம். அந்த அச்சம் இல்லையென்றால், ஆண்டுக் கட்டணம் இல்லாத பழைய கார்டை வைத்திருப்பது நல்லது. இரண்டு கார்டுகளுக்கும் தலா 100 வரம்பு, மொத்த நிலுவை 50 என்றால் பயன்பாடு, அதாவது மொத்த வரம்பில் நிலுவையின் பங்கு, 25 சதவீதம். இது கூடினால் மதிப்பெண் குறையும். நிலுவை இல்லாத கார்டை மூடியதும், கூடுதலாக ஒரு காசும் செலவழிக்காமலே, அது 50 சதவீதமாகிவிடும். ஆகவே மூடுவதாக இருந்தாலும் இரண்டின் நிலுவையும் தீர்ந்த பிறகு மூடுங்கள்.