பிள்ளைகளின் சிநேகமும் போனும்: என்ன கேட்டால் உண்மை வரும்?

தாமுவே டீச்சர்:
ரங்கூனில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். 14 முதல் 19 வயது வரை பிள்ளைகள். ஆடிப் பூசையன்று "போனால் கெட்டுப்போகும் பிள்ளைகள்" என்று பேசச் சொல்கிறார்கள் கோயில் பெரியவர்கள். தலைப்பை அவர்களே முடிவு செய்துவிட்டார்கள், பேச்சை மட்டும் என்னிடம் விட்டிருக்கிறார்கள்! எனக்கு அப்படிப் பேச மனமில்லை. முதலில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வித்தாள் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறாய்?", "உனக்கு எத்தனை நண்பர்கள்?" இவ்வளவுதான் இதுவரை எழுதியிருக்கிறேன். இந்த மாதிரி ஆராய்ச்சி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மோல்மேன்காரன்:
வணக்கம் டீச்சர். சமூகவியல் படித்தவன், இப்போது பினாங்கில் வேலை. முதல் கேள்வியை அடித்துவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்து டக்ளஸ் பாரியும் மற்றவர்களும் 2021-ல் பல ஆய்வுகளைத் திரட்டி, ஆட்கள் வாயால் சொன்ன நேரத்தையும் கருவியில் பதிவான நேரத்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை. சிலர் கூட்டிச் சொல்கிறார்கள், சிலர் குறைத்து.

அப்படியே மணிக்கணக்கு சரியாகக் கிடைத்தாலும் அதை வைத்து ரொம்பச் சொல்லிவிட முடியாது. ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்று இரண்டு பேர் பிரிட்டன், அமெரிக்காவில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இளவயதினரின் தகவலை அலசி 2019-ல் எழுதினார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் தெரியும் வித்தியாசத்தில் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு தொடர்புதான் வந்ததாம். ஆனால் இது சராசரி. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை நிஜமாகவே நொந்துபோயிருந்தால் இந்தக் கணக்கில் தெரியாது. பெரியவர்களிடம் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்:
டீச்சர், நான் உங்கள் வகுப்புதான். யாரென்று சொல்லமாட்டேன்.

என் சிநேகிதிகளில் பாதிப் பேர் இப்போது ஊரில் இல்லை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலாக்கியதும் அண்ணன்மார் தாய்லாந்து, மலேசியா என்று கிளம்பினார்கள். சில வீடுகளில் அக்கா தங்கச்சியும் சேர்ந்தே போய்விட்டார்கள். 2021-ல் ஃபேஸ்புக்கைத் தடுத்த பிறகு விபிஎன் போட்டால்தான் மெசஞ்சர். அது பாதிப் பேச்சில் அறுந்துவிடும். ஒருத்தி டெலிகிராமில் இருப்பாள், இன்னொருத்தி வைபரில். ஒரே கூட்டத்தை மூன்று இடத்தில் தேடிப் பிடிக்க வேண்டும்.

அப்புறம் கரண்ட். கரண்ட் வரும்போதுதான் சார்ஜ், வைஃபை எல்லாம். எங்கள் பக்கம் இரவு 11 மணிக்கு வந்தால் 11 மணிக்குத்தான் அரட்டை. அம்மா அதைப் பார்த்து "ராத்திரி முழுக்க போன்" என்கிறார். பகலில் பேச எனக்கு மட்டும் ஆசை இல்லையா? எத்தனை நண்பர்கள் என்று கேட்காதீர்கள் டீச்சர். கடைசியாக யாரை எப்போது நேரில் பார்த்தாய் என்று கேளுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
தங்கச்சி சொல்வது நியாயம்தான். ஆனால் என் சின்னவன் கதை வேறு. மொபைல் லெஜண்ட்ஸ் ஆட ஐந்து பேர் கூட்டு. அதில் ஒருவனையும் இவன் கண்ணால் கண்டதில்லை. எதிர்வீட்டுப் பையனோ இவன் வயதுதான், அவன் பெயர் தெரியாது! சிம் கார்டு விலை லட்சக்கணக்கில் இருந்து 1,500 கியாட்டுக்கு இறங்கிய 2014-ல்தான் எங்கள் வீட்டுக்கு முதல் போன் வந்தது. எப்படி அழுத்துவது என்று எனக்குக் காட்டிக்கொடுத்ததே பெரியவன்தான். அப்போதே அவனை என்ன கேட்பது என்று தெரியவில்லை, இப்போது சின்னவனிடமும் தெரியவில்லை. எங்களுக்கும் ஒரு தாள் கொடுங்கள் டீச்சர். பிள்ளை யாரோடு பேசுகிறான் என்று பெற்றவர்களுக்குத் தெரிகிறதா பார்ப்போம்.

மோல்மேன்காரன்:
அக்கா, முகம் தெரியாத சிநேகம் உங்கள் மகனுக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டு 2015-ல் வெளியிட்டதில், இணையத்தில் புது நண்பர் பிடித்தவர்கள் 57 சதவீதம். அப்படிக் கிடைத்தவரை நேரில் பார்த்தவர்கள் மொத்தப் பிள்ளைகளில் 20 சதவீதம்தான். ஆனால் அங்கே உள்ள பிள்ளை விரும்பினால் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம். தங்கச்சியின் சிநேகிதிகள் எல்லை தாண்டிப் போனவர்கள். அந்த வித்தியாசம் டீச்சர் தாளில் வந்தால் போதும், நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.

தாமுவே டீச்சர்:
மணிக்கணக்கை எடுத்துவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒன்று, பெற்றவர்களுக்கு ஒன்று, இரண்டு தாள். பெயர் எழுத வேண்டாம், நண்பர் இருக்கும் நாடும் வேண்டாம், "பக்கத்தில்" அல்லது "தூரத்தில்" என்று குறித்தால் போதும். காகிதம் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாத காலம். தம்பி, தாள்களை உங்களுக்கு அனுப்பமாட்டேன், கூட்டிய எண்ணிக்கை மட்டும் வரும். தலைப்பு விஷயமாகப் பெரியவர்களிடம் வெள்ளிக்கிழமை பேசுகிறேன்.

"பெயர் வேண்டாம்", கட்டுரை இன்னும் தரவில்லை நீ.