அமெரிக்க அரசியல் புத்தகங்கள்: உள்ளே நடப்பதில் நீங்கள் கவனித்தவை (புனைபெயரில் நால்வர் எழுதியவை)

ஒற்றுப்பிழை:
வலதோ இடதோ, கட்சி சார்ந்த புத்தகம் கைக்கு வந்தால் பின்குறிப்புப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். எதிராளி சொன்னதாக மேற்கோள் குறிக்குள் வரும் ஐந்தாறு வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் அவைக்குறிப்புக்கோ முழு உரைக்கோ போனால் நம்பலாம். தன் பக்கத்து ஆள் எழுதிய இன்னொரு புத்தகத்துக்குப் போனால், மூல உரையைத் தேடி எடுத்து முன்னும் பின்னும் இரண்டு பத்தி படித்துவிடுங்கள். குறிப்பாக, நடுவில் மூன்று புள்ளி வைத்த இடம். "என்றாலும்", "ஒருவேளை" என்று பேசியவர் தயங்கிய சொற்கள் பலமுறை அந்தப் புள்ளிகளுக்குள்தான் காணாமல் போயிருக்கும்.

சிவப்பு மை:
இப்படி வெட்டிய மேற்கோளைப் பதிப்பகம் கண்டுபிடிக்காதா என்றால், பொதுவாகக் கண்டுபிடிக்காது. உண்மை சரிபார்ப்பு அவர்கள் வேலையே இல்லை. எழுதியதற்கு நானே பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது எழுத்தாளர். வக்கீல் படிப்பார், ஆனால் அவதூறு வழக்கு வருமா என்பதற்காக மட்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1964 சல்லிவன் தீர்ப்புக்குப் பிறகு, அரசுப் பதவியில் இருப்பவர் வழக்குப் போட்டால், பொய் என்று தெரிந்தே எழுதினார்கள், அல்லது உண்மையா பொய்யா என்று கவலைப்படாமல் எழுதினார்கள் என்று நிரூபிக்க வேண்டும்.

பெரிய கூட்டத்தைத் திட்டினாலோ வழக்கே நிற்காது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. "இன்ன செனட்டர் லஞ்சம் வாங்கினார்" என்ற வரிக்கு வக்கீல் ஆதாரம் கேட்பார். அதுவே "இவர்கள் எல்லோருமே நாட்டை விற்பவர்கள்" என்று மாறித் திரும்பி வந்தால் சத்தமில்லாமல் அச்சுக்குப் போகும். ஓர் ஆள் மீதான, சரிபார்க்கக்கூடிய குற்றச்சாட்டு கோடிப்பேர் மீதான வசையாகிவிடுகிறது. எழுத்தாளரின் கோபத்தை மட்டும் குறை சொல்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

கட்டு பிரிப்பவர்:
யாரையும் மனம் மாற்றாமலே இந்த மாதிரிப் புத்தகம் விற்றுவிடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பதிவெல்லாம் வெளியான வாரத்துக் கணக்கில் விழும். அதிகம் விற்ற புத்தகங்களின் நியூயார்க் டைம்ஸ் பட்டியலுக்கு வாரம் என்பது ஞாயிறு முதல் சனி வரை. புத்தகம் வழக்கமாகச் செவ்வாயில் வரும், ஆக ஐந்தே நாள். ஆதரவு அமைப்பு மொத்தமாக வாங்கி, நன்கொடை தந்தவர்களுக்குக் எழுத்தாளர் கையெழுத்திட்ட பிரதியாக அனுப்பும். மொத்தக் கொள்முதல் இருப்பதாகத் தெரிந்தால் பட்டியலில் தலைப்பின் பக்கத்தில் சின்னக் குத்துவாள் குறி (†) போடுவார்கள், அவ்வளவுதான். கட்சிக் குழுக்கள் வாங்கியதா என்று பார்க்க, கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் செலவுக் கணக்கில் பதிப்பகம், புத்தகக் கடைச் சங்கிலிகளின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

பெரிய பதிப்பகங்களுக்குக் கொள்கை ஒரு தடையல்ல. பெங்குவின் 2003இல் சென்டினல், சைமன் அண்ட் சூஸ்டர் 2006இல் திரெஷோல்ட், ஹார்ப்பர்காலின்ஸ் 2010இல் பிராட்சைட் என்று வலதுசாரி வாசகருக்கெனத் தனி முத்திரைகளை, அதாவது தனிப் பெயரில் புத்தகம் போடும் பிரிவுகளைத் தொடங்கின. எதிர்த்தரப்புப் புத்தகமும் அதே நிறுவனத்தின் வேறு முத்திரையில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

பழைய தாள்:
வசை புதிதல்ல. 1791இல் ஃபிலிப் ஃப்ரீனோ 'நேஷனல் கெஸட்' தொடங்கியபோது, வெளியுறவுச் செயலர் ஜெஃபர்சன் அவருக்குத் தன் துறையிலேயே மொழிபெயர்ப்பு எழுத்தர் வேலை கொடுத்திருந்தார், ஆண்டுக்கு 250 டாலர். எதிரணியில் இருந்த நிதிச் செயலர் ஹாமில்டன் பக்கத்துக்கு ஜான் ஃபென்னோவின் பத்திரிகை. இரண்டு பத்திரிகைக்காரர்களும் ஃபிலடெல்ஃபியாவில் உட்கார்ந்துகொண்டு கண்டபடி திட்டிக்கொண்டார்கள். ஆனால் 1792 அஞ்சல் சட்டம், பத்திரிகைக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஒரு பிரதியைத் தபால் செலவில்லாமல் அனுப்பிக்கொள்ள வழி செய்தது. வெளியூர் எதிரியின் தாளும் மேசைக்கு வந்துவிடும். பக்கத்தை நிரப்ப அதிலிருந்து எடுத்துப் போட்டார்கள், போட்டதற்குப் பதிலும் எழுதினார்கள்.

எதிரி எழுதியதைப் படித்துப் பதில் சொல்லும் அந்தப் பழக்கம் இன்றைய புத்தகத்தில் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க, கடைசியில் பெயர்களைப் பக்க எண்ணோடு தரும் பொருளடைவு போதும். எதிர்த்தரப்பின் தொலைக்காட்சி முகங்கள் பத்துப் பேர் இருந்து, அந்தத் தரப்பின் வாதத்தை உருவாக்கிய பொருளாதார அறிஞரோ நீதிபதியோ ஒருவர்கூட இல்லையென்றால், புத்தகத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம்.