சேலை விற்கும் இணையதளத்துக்கு விதிமுறைகள் எழுதுவது எப்படி?

வினா:
மதுரையிலிருந்து சுங்குடிச் சேலைகளை இரண்டு ஆண்டுகளாக வாட்ஸ்அப் வழியே விற்று வருகிறேன். இப்போது சொந்தமாக இணையதளம் தொடங்குகிறேன். அதை வடிவமைத்தவர் ஒரு பெரிய நிறுவனத்தின் விதிமுறைப் பக்கத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார். காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் பொருளைத் திருப்பித் தரலாம் என்று அதில் உள்ளது. எனக்கு அது கட்டுப்படியாகாது. கடைகளில் எழுதி வைப்பதைப்போல ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாமா?

முதல் மறுமொழி:
வழக்கறிஞராக இருப்பதால் சொல்கிறேன், முடித்துவிட இயலாது. பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மையில் இல்லாவிட்டாலோ, சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தாலோ, விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் கூறுகின்றன. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பவை வேறு. அவற்றுக்கு எத்தனை நாள் தருவது, தருவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் அந்த முடிவு, பணம் கட்டுவதற்கு முன்பே வாங்குபவர் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

குறைதீர்ப்பு அலுவலரின் பெயர், தொடர்பு விவரம், பதவி ஆகியவற்றையும் வெளியிடுங்கள். சிறு வணிகத்தில் அவர் நீங்களாகவே இருக்கலாம். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் நீங்களே முன்கூட்டி டிக் போட்டு வைக்கக் கூடாது. வாங்குபவர்தான் போட வேண்டும்.

இரண்டாம் மறுமொழி:
நானும் துணி விற்பவன்தான். என் அனுபவத்தில், சச்சரவுகளில் பெரும்பாலானவை நிறத்தைப் பற்றியவை. கைப்பேசித் திரையில் அரக்காகத் தெரிந்த சேலை, வீட்டு விளக்கொளியில் மெரூனாகத் தெரியும். ஆகவே இப்படி எழுதுங்கள்: ‘இந்தச் சேலை கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றப்பட்டது, புள்ளிகளின் அளவிலும் நிறத்தின் அழுத்தத்திலும் சிறு வேறுபாடு இருக்கும். முதல் சலவையில் சாயம் சற்றுப் போகக்கூடும், தனியாக அலசவும்.’ இதை விதிமுறைப் பக்கத்தில் புதைத்து வைக்காமல், ஒவ்வொரு சேலையின் படத்துக்குக் கீழேயும் போடுங்கள்.

உங்கள் சேலைகளில் அச்சிட்டவையும் இருந்தால், அவற்றின் கீழ் ‘கைமுடிச்சு’ என்ற சொல் தவறியும் வந்துவிடக் கூடாது. வழக்கறிஞர் சொன்ன ‘விளம்பரத்தில் சொன்ன தன்மை’ என்பது அங்கேதான் உங்களைப் பிடிக்கும். முடிச்சிடுபவரின் உழைப்புக்கும் அதுதான் நியாயம்.

வினா எழுப்பியவர்:
மிக்க நன்றி. அச்சுச் சேலைகளும் இருக்கின்றன. விவரக் குறிப்புகளை இன்றே திருத்துகிறேன். ஒன்று மட்டும்: ‘எந்த வழக்கும் மதுரை நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டது’ என்ற வரி என்னைக் காக்குமா?

முதல் மறுமொழி அளித்தவர்:
நுகர்வோர் புகாரில் அதை நம்பியிருக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் ஊரிலேயே புகார் அளிக்கலாம். கோயம்புத்தூர்க்காரர் கோயம்புத்தூரிலேயே அளிப்பார். மொத்தமாக வாங்கி விற்கும் கடைக்காரர்களுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் அந்த வரிக்குப் பயனுண்டு, அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.