ஐஸ் டான்ஸில் மார்க் போடுவது நியாயமாக நடக்கிறதா?

ஜூரோங் மல்லிகா:
எல்லாருக்கும் வணக்கம். என் மகள் எட்டு வயதில் இங்கே ஜூரோங்கில் ஜேகியூப் கடைத்தொகுதியின் ஐஸ் ரிங்க்கில் ஸ்கேட்டிங் பழக ஆரம்பித்தாள். 2023 ஆகஸ்டில் அந்தக் கட்டடத்தை மூடும் வரை சனிக்கிழமைக் காலைகள் எனக்கு அங்கேதான் போயின. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே நான் ஸ்வெட்டரும் ஃபிளாஸ்க்குமாக உட்கார்ந்திருப்பேன். இப்போது அவள் ஸ்கேட் பண்ணுவதில்லை. ஆனால் ஐஸ் டான்ஸ் (இரண்டு பேர் ஜோடியாக ஐஸில் ஆடும் நடனப் போட்டி) வந்தால் இருவரும் சேர்ந்துதான் பார்ப்போம்.

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கை மறுபடி பார்த்தோம். கனடாவின் டெஸா வர்ச்சூ, ஸ்காட் மோயர் ஜோடிக்கு 206.07. பிரான்ஸின் கப்ரியெல்லா பாப்படாகிஸ், கியோம் சிஸெரோன் ஜோடிக்கு 205.28. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவில் 0.79தான். முதல் நாள் பாப்படாகிஸின் உடையில் கழுத்துக் கொக்கி கழன்றுவிட்டது, பாவம், அதைப் பிடித்துக்கொண்டே ஆடி முடித்தார். மறுநாள் ஃப்ரீ டான்ஸ் என்ற இரண்டாம் சுற்றில் பிரான்ஸ் ஜோடிதான் முன்னால் வந்தது. இவ்வளவு சின்ன இடைவெளியில் ஒரே ஒரு நடுவர் சாய்ந்தாலும் முடிவு மாறிவிடாதா?

இதை நான் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் தமிழ் மொழி மாதத்தில் ஒரு பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போனேன். மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் தனக்குத் தெரிந்த பிள்ளைக்கு 50க்கு 48 போட்டார், அடுத்துப் பேசிய பையனுக்கு 31. நானும் மற்றவரும் இரண்டு பேருக்குமே 40ஐ ஒட்டித்தான் போட்டிருந்தோம். கூட்டிப் பார்த்தால் அந்த ஒருவரின் தாள்தான் பரிசை முடிவு செய்திருந்தது. பையன் என்னிடம் வந்து, "டீச்சர், நான் எங்க தப்பு பண்ணேன்?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவன் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஐஸ் டான்ஸில் ஒன்பது நடுவர்கள், அதிலும் அதிகமான மார்க்கையும் குறைவான மார்க்கையும் நீக்கிவிடுகிறார்கள். அப்படியானால் அங்கே சாய்வு முழுக்கப் போய்விடுகிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லாங் குமார்:
மல்லிகா அக்கா, முழுக்கப் போகாது. கணக்காகவே காட்டுகிறேன்.

10க்கு மார்க் போடும் ஒரு அம்சத்துக்கு நாலு பேர் 9.00, நாலு பேர் 9.25, ஒருவர் மட்டும் தன் நாட்டு ஜோடி என்று 9.75 போடுகிறார் என்று வையுங்கள். 9.75ஐயும் ஒரு 9.00ஐயும் நீக்கினால் மீதி ஏழின் சராசரி 9.14. அதே நடுவர் நேர்மையாக 9.00 போட்டிருந்தால் ஒரு 9.25 நீங்கியிருக்கும், சராசரி 9.11 ஆகியிருக்கும். அவர் மார்க் வெளியே போனாலும், போகவேண்டிய இன்னொரு பெரிய மார்க்கை உள்ளே தங்கவைத்துவிட்டுத்தான் போகிறது. இப்போது ஃப்ரீ டான்ஸில் அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன் என்று மூன்று அம்சங்கள், மொத்தத்தை 2ஆல் பெருக்குவார்கள். மூன்றிலும் அவர் இப்படிச் செய்தால் அங்கேயே 0.2 வந்துவிட்டது. லிஃப்ட், சுழற்சி போன்ற ஒவ்வொரு எலிமென்டுக்கும் −5 முதல் +5 வரை போடும் தர மார்க்கிலும் இப்படித் தள்ளி, எதிர் ஜோடிக்குக் கொஞ்சம் இறக்கியும் போட்டால் 0.79 பெரிய தூரமே இல்லை. 2018இல் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. கணக்கு அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஆனாலும் 6.0ஐ உச்ச மார்க்காக வைத்திருந்த பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல். 2002 சால்ட் லேக் சிட்டியில் பிரெஞ்சு நடுவர் மாரி ரெய்ன் லெ கூன்யே ஜோடி ஸ்கேட்டிங்கில் (ஐஸ் டான்ஸ் இல்லை, ஜம்ப் எல்லாம் உள்ள வேறு போட்டி) ரஷ்யாவுக்கு வோட்டுப் போட, பதிலுக்கு ஐஸ் டான்ஸில் பிரான்ஸுக்கு ஆதரவு என்று பேரம் நடந்ததாகப் புகார் கிளம்பியது. கடைசியில் ஜோடி ஸ்கேட்டிங்கில் இரண்டாவதாக வந்த கனடா ஜோடிக்கும் தங்கம் கொடுத்தார்கள், அந்த நடுவருக்கு மூன்று வருடத் தடை. 2004இல் புது முறையை ஏற்றார்கள். ஆனால் யார் எந்த மார்க் போட்டார் என்பதை மறைத்துவிட்டார்கள். அது எனக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. 2016இல்தான் அந்த மறைப்பை எடுத்தார்கள். இப்போது போட்டி முடிந்ததும் வெளியாகும் மார்க் தாளில் எந்த நடுவர் எதற்கு எவ்வளவு என்று நாமே பார்க்கலாம்.

நட்டுவாங்கம்:
நான் இருபது வருடமாகப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். குமார் தம்பி கணக்கு சரி. ஆனால் எனக்குப் பெரிய கவலை தனியாகச் சாய்கிற அந்த ஒருவர் இல்லை. ஒன்பது பேரும் சேர்ந்து ஒரே பக்கம் பார்ப்பதுதான்.

ஐஸ் டான்ஸில் பெரிய ஜம்ப் கிடையாது. மேல்மட்டத்தில் கீழே விழுவதும் அபூர்வம். வித்தியாசம் எல்லாம் எட்ஜ் (ஐஸில் பதியும் பிளேடின் விளிம்பு) எவ்வளவு ஆழம், இருவரும் எவ்வளவு நெருக்கம், தாளத்தில் நிற்கிறார்களா என்பதில்தான். பரதத்தில் முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டி போதுமா என்று நான் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவேன். பாவம், அதாவது முகத்தில் காட்டும் உணர்ச்சி, நன்றாக இருந்ததா என்று கேட்டால், அந்த மாணவியின் பெயர் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் என் மனசு அந்தப் பெயரையும் சேர்த்துத்தான் பார்க்கும். பிரபல ஜோடி வந்ததும் எல்லாரும் 9.50க்கு மேல் போட்டால், நீக்குவதற்கு அங்கே எந்த மார்க் தனியாக நிற்கிறது? சராசரியிலிருந்து ரொம்ப விலகினால் அந்த நடுவரைப் பிறகு பரிசீலிப்பார்கள். அதனால் மற்றவர்கள் என்ன போடுவார்கள் என்று யூகித்துப் போடத் தோன்றும். மார்க்குகள் ஒத்துப்போகும். அதை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

இங்கே சிங்கப்பூர் இளையர் விழாவில் தங்கம், வெள்ளி, வெண்கலத்தை எடுத்துவிட்டுச் சிறப்புச் சான்றிதழ் முறைக்கு மாறினார்கள். என் மாணவிகளுக்கு அது நல்லதாக இருந்தது. ஒலிம்பிக்கில் அப்படிச் செய்ய முடியாது, அங்கே ஒருவர் முதலாவதாக வந்தே ஆகவேண்டும்.

ஜூரோங் மல்லிகா:
குமார், மேடம், இருவருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி மகளோடு உட்கார்ந்து பழைய மார்க் தாள்களைப் பார்த்தேன். அவள் எனக்கு ஒன்று காட்டினாள். வகுத்துக்கொடுத்த பேட்டர்ன் நடனத்தில் கீ பாயிண்ட் என்று சில இடங்கள் இருக்கின்றன. அந்த இடத்தில் எட்ஜ் சரியா, தாளத்தில் விழுந்ததா என்று நடுவர்களுக்கு அப்பாற்பட்ட டெக்னிக்கல் குழுவின் மூன்று பேர் ஆம், இல்லை, தாளம் தவறு என்று குறிக்கிறார்கள். அந்த எலிமென்டின் லெவல், அதாவது கடினத்தின் படி, அதிலிருந்துதான் வருகிறது. லெவல் குறைந்தால் எந்த அடியில் போனது என்று ஜோடிக்குத் தெரிந்துவிடும். "இதுக்குக் காரணம் இருக்கும்மா. 9.25க்கு மட்டும் காரணமே இல்ல," என்றாள்.

எனக்கு உடனே அந்தப் பையன் ஞாபகம்தான் வந்தது. அவனுக்கு நான் கொடுத்திருக்கவேண்டியது அதைத்தான், எந்த இடத்தில் என்று. வெறும் எண்ணை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? ஒன்பது பேர் போட்டாலும், இரண்டை நீக்கினாலும், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி இல்லை என்றால் அது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. வெளிப்பாட்டுக்கு 9.25 போடுகிறவர் எந்த நிமிடத்தில் எதைப் பார்த்துப் போட்டார் என்று ஒரே ஒரு வரி எழுதட்டும். மேடம் சொன்ன அந்தப் பெயர் மயக்கம்கூட எழுதும்போது கொஞ்சம் தெளியும் என்று நம்புகிறேன்.

வருகிற ஏப்ரலில் ஒரு சமூக மன்றப் பேச்சுப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து நடுவர்கள் வேண்டும், பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்கள் நடுவராக உட்காரக்கூடாது, மார்க் தாளில் உச்சரிப்பு, கருத்து, குரல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுத இடம் வேண்டும் என்று இன்று காலை அவர்களுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். மேடம், உங்கள் வகுப்பில் பாவத்துக்கு மார்க் போடும்போது என்னென்ன குறிப்பு எழுதுவீர்கள்? ஒன்றிரண்டு சொன்னால் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்வேன்.