குப்பைமேட்டில் சலித்த மண்ணை மனையில் கொட்டலாமா? கிணறு பக்கத்திலேயே இருக்கிறது

வில்லியனூர்வாசி:
வணக்கம். வில்லியனூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி 30க்கு 40 அடி மனை. முன்பு நெல் வயல். பக்கத்து ரோடு உயர்ந்துவிட்டதால் ஐப்பசி பிறந்தாலே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. மழைக்குள் மூன்றடி மேடாக்க வேண்டும், 36 யூனிட் (யூனிட்டுக்கு 100 கன அடி) வருகிறது. கிராவல் விலை கட்டுப்படியாகவில்லை. ஒருவர், பழைய குப்பைமேட்டைக் கிளறிச் சலித்த மண் இருக்கிறது, வண்டி வாடகை மட்டும் கொடுத்தால் போதும் என்கிறார். எந்தக் கிடங்கு என்று கேட்டால் சரியாகப் பதில் இல்லை. அள்ளிப் பார்த்தேன், கறுப்பாக, பொலபொலவென்று எரு மாதிரிதான் இருக்கிறது, நாற்றம் இல்லை, அங்கங்கே கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக் கிழிசலும் மட்டும்.

மனையின் மூலையில் 25 அடிக் கிணறு. நாங்களும் பக்கத்து இரண்டு வீட்டுக்காரர்களும் அதைத்தான் குடிக்கிறோம், அதில் ஒரு வீட்டில் கைக்குழந்தை. அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். பயோமைனிங் செய்தால் குப்பை மண்ணாகிவிடும் என்றுதானே சொல்கிறார்கள்? இரண்டு லோடு ஏற்கெனவே இறக்கியாயிற்று, அதனால் அவசரமாகக் கேட்கிறேன்.

கெடிலக்கரை:
மீதி லோடை இன்றே நிறுத்துங்கள். அம்மா சொல்வது சரி. நான் மண் பரிசோதனை வேலையில் இருக்கிறேன், கடலூர். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயோமைனிங்கில் பழைய குப்பையைக் கிளறி, வரிசையாகக் குவித்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, சில வாரம் புரட்டிப் போட்டு ஈரம் வடிந்ததும் சுழல் சல்லடையில் சலிப்பார்கள். பிளாஸ்டிக், துணி, கல் தனியாகப் போகும், அடியில் விழுவதுதான் உங்களிடம் வந்த மண். அதாவது அது பிரித்தெடுத்த பொருள், முழுதாக மக்கி முடிந்த பொருள் என்று அர்த்தமில்லை. குப்பைமேட்டுக்குள் முதலில் காற்று தீரும், அப்புறம் அமிலக் கட்டம், அப்போது இரும்பும் மாங்கனீசும் கரைந்து, குப்பையிலிருந்து வடியும் கசிநீரில் வரும். பிறகு மீத்தேன் கட்டம், பிஎச் 7, 8க்கு ஏறும், கசிநீரில் நுண்ணுயிர் மக்கவைக்கக்கூடிய பொருளைக் காட்டும் பிஓடியை, மொத்தக் கரிமப் பொருளைக் காட்டும் சிஓடியால் வகுத்தால் புதுக் குப்பையில் 0.5க்கு மேலும் இருக்கும், நன்றாகப் பழுத்த மேட்டில் 0.1க்கும் கீழே போகும். இதைப் பார்த்துத்தான் நிலைப்பட்டுவிட்டது என்கிறோம். ஆனால் இந்த எண் குறைந்தாலும் அம்மோனியாவும் உப்பும் குறைவதில்லை, பல பத்தாண்டுக்கு அப்படியே கிடக்கும். பேட்டரி, பெயிண்ட் இவற்றிலிருந்து வந்த ஈயம், காட்மியம், துத்தநாகம் எல்லாம் மக்குகிற சரக்கே கிடையாது. அவை அதிகமாக ஒட்டிக்கொண்டிருப்பதும் இந்தப் பொடி மண்ணில்தான்.

2016இல் வந்த திடக்கழிவு விதிகளில் என்ன சொல்லியிருந்தார்கள் என்று பாருங்கள். குப்பை நிரப்பும் இடத்துக்கு அடியில் 90 செ.மீ. களிமண் அடுக்கு, அதன் நீர்க்கசிவு வேகம் நொடிக்கு ஒரு செ.மீ.யில் கோடியில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, கணக்குப் போட்டால் வருடத்துக்கு மூன்று செ.மீ. அதன்மேல் 1.5 மி.மீ. எச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட். நிலத்தடி நீர்மட்டம் அடித்தளத்துக்கு இரண்டு மீட்டராவது கீழே இருக்க வேண்டும், குடிநீர்க் கிணறு 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். உங்கள் மண் குப்பைக்குச் சமம் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் அதிலிருந்து வந்த பொருளை, களிமண்ணும் இல்லாமல் ஷீட்டும் இல்லாமல், மழையில் தண்ணீர் தரைக்கே ஏறிவிடுகிற வயலில், கிணற்றின் வாயிலேயே போடுகிறோம் என்றால் எப்படி?

சாவடிக்காரன்:
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடலூரில் என் தம்பி வீட்டுப் போர்டிகோவுக்கு அடியில் இதே மாதிரி கறுப்பு மண்ணைத்தான் போட்டோம், தண்ணீர் விட்டு நன்றாக இடித்தோம், கல் மாதிரி இறுகியது. இரண்டாவது மழைக்கு அப்புறம் டைல்ஸ் ஒரு பக்கம் மூன்று அங்குலம் உட்கார்ந்துவிட்டது. உடைத்துப் பார்த்தால் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே கை நுழைகிற வெற்றிடம். கிணறு இல்லாததால் தண்ணீர்ப் பிரச்சினை வரவில்லை, ஆனால் மறுபடி கிராவல் போட்டு மூடியதில் மிச்சப்படுத்தியது போக மேலேயும் செலவு.

கெடிலக்கரை:
ஆமாம், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். இடித்தால் காற்றுதான் வெளியேறும், மக்க வேண்டியது உள்ளேயே இருக்கும். அது மக்கிப் போகிற அளவுக்குத் தரை இறங்கும். ஆய்வகத்தில் உலர்த்திய மண்ணை 440 டிகிரியில் எரித்து எவ்வளவு எடை குறைகிறது என்று பார்ப்போம், உள்ளே கரிமச் சரக்கு எவ்வளவு மீதி என்று அதில் தெரியும். அந்த எண் இல்லாமல் இந்த மண்ணின்மேல் எதையும் கட்டாதீர்கள்.

நீரூற்று:
நான் தண்ணீர்ப் பக்கம் மட்டும் பேசுகிறேன். உங்கள் பகுதி சங்கராபரணி ஆற்று வண்டல், மணல் பட்டைகள் இருக்கும். சராசரி மணலில், நிலத்தடி நீர்மட்டம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிந்தால், தண்ணீர் வருடத்துக்குப் பத்து மீட்டர் போல நகரும். மெதுவாகத்தான் தெரியும், ஆனால் மோட்டார் போட்டு இறைக்கும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் கிண்ணம்போல் குழிந்து நாலா பக்கமிருந்தும் இழுக்கும். அப்போது ஓட்டத்துக்குக் கீழ்ப்பக்கம்தானே கொட்டினோம் என்பதெல்லாம் செல்லாது.

மண்ணில் இருக்கும் அம்மோனியா காற்றுப் பட்டதும் நைட்ரேட் ஆகும். நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, மழையோடு நேராக இறங்கும். குடிநீர்த் தரத்தில் அதற்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்களிடம் இதை நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

மழைக்கு முன்பே கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை பரிசோதியுங்கள். டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), குளோரைடு, நைட்ரேட், அம்மோனியா, பொட்டாசியம், இரும்பு. இன்றைய அளவு கையில் இருந்தால்தான் பின்னால் ஏறியதா என்று சொல்ல முடியும்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். 100 கிராம் மண், ஒரு லிட்டர் தண்ணீர், பாட்டிலில் அடிக்கடி குலுக்கி ஒரு நாள் வைத்துத் தெளிய விடுங்கள். பக்கத்திலேயே கிராவலையும் அதேபோல் ஊற வையுங்கள். நிறத்தையும் டிடிஎஸ் மீட்டரையும் பாருங்கள். உலோகமும் நைட்ரேட்டும் இதில் தெரியாது, உப்பு தெரியும்.

வில்லியனூர்வாசி:
செய்து பார்த்தேன். குழாய்த் தண்ணீர் 410. கிராவல் ஊறியது 450, நிறம் தெளிவு. அந்த மண் ஊறியது 1,150, வடிகட்டிய பிறகும் கடுந்தேநீர் நிறம். இது அதிகமா?

நீரூற்று:
லிட்டருக்கு 740 மில்லிகிராம் ஏறியிருக்கிறது. ஒரு லிட்டருக்கு 100 கிராம் மண் என்பதால் ஒரு கிலோ மண்ணில் 7.4 கிராம் கரையும் உப்பு. 36 யூனிட் என்றால் சுமார் 100 கன மீட்டர், எடை 130, 140 டன் வரும். அப்படியானால் உங்கள் கிணற்றின் தலைமாட்டில் ஏறக்குறைய ஒரு டன் உப்பு. ஒரே மழையில் இறங்காது, ஆனால் முதல் சில மழைகளில்தான் அதிகம் இறங்கும். தேநீர் நிறம் மக்கிய சரக்கின் கரிமச் சாறு, அது உலோகத்தையும் பிடித்துக்கொண்டு கூடவே நகரும்.

வில்லியனூர்வாசி:
ஒரு டன் என்று படித்ததும் அம்மாவிடம் காட்டினேன். லோடு நிறுத்தியாயிற்று. கொட்டிய இரண்டு லோடு, சுமார் 6 யூனிட், என்ன செய்வது? கொண்டுவந்தவர் போனை எடுப்பதில்லை.

கெடிலக்கரை:
இன்று இரவே தார்ப்பாய் போட்டு மூடுங்கள், ஓரத்தில் மண் அணைத்து மழைநீர் உள்ளே போகாமல் செய்யுங்கள். ஜேசிபி வைத்து அள்ளும்போது குவியலுக்கு அடியில் உள்ள வயல் மண்ணையும் அரையடி சேர்த்து எடுங்கள், கிணற்றுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஏரி ஓரத்திலோ வாய்க்காலிலோ தள்ளிவிட வேண்டாம், அங்கேயும் யாரோ ஒருவர் கிணறு இருக்கும். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, முறையான கிடங்குக்கே திரும்ப அனுப்ப இடம் கேளுங்கள், மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள். மூன்றடியும் இந்த வருடமே முடியாவிட்டால் வீடு வருகிற பகுதியை மட்டும் கிராவலால் உயர்த்துங்கள், அரையடி அரையடியாக ஈரம் பார்த்து இடித்து.

வில்லியனூர்வாசி:
தார்ப்பாய் போட்டுவிட்டேன். கைக்குழந்தை வீட்டிலும் சொல்லிவிட்டேன், இனி கேன் தண்ணீர்தான் என்றார்கள். நாளைக் காலை ஜேசிபி வருகிறது. தண்ணீர் சாம்பிளும் நாளையே கொடுக்கிறேன், முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.