சண்டை போட்ட இருவரிடமும் ராஜினாமா எழுதி வாங்கச் சொல்கிறார் முதலாளி. செய்யலாமா?

ஷிப்ட்_பொறுப்பு

ஓசூர் பக்கம், 85 பேர் வேலை செய்யும் சிஎன்சி மெஷின் ஷாப். நேற்று இரண்டாம் ஷிப்ட் மாறும் நேரத்தில் சூப்பர்வைசருக்கும் ஒரு ஆபரேட்டருக்கும் வாய்த்தகராறு. முற்றிப்போய் ஆபரேட்டர் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். அடி விழவில்லை, பக்கத்து மெஷின்காரர்கள் விலக்கிவிட்டார்கள். கேமராவில் பதிவாகியிருக்கிறது, ஆனால் சத்தம் இல்லை.

ஆள் வராததால் மூன்றாவது நாளாக டபுள் ஷிப்ட் நிற்கச் சொன்னதுதான் தகராறுக்குக் காரணம். இடையில் ஆபரேட்டர், "இன்ஸ்பெக்‌ஷன் பொண்ணுங்ககிட்ட நீ என்ன பேசறேன்னு எல்லாருக்கும் தெரியும்" என்று கத்தியிருக்கிறார். அந்தப் பெண்கள் யாரும் எதுவும் எழுதித் தரவில்லை.

முதலாளி சொல்வது: "ரெண்டு பேர்கிட்டயும் தேதி போடாம ராஜினாமா வாங்கி வை. ஒழுங்கா இருந்தா கிழிச்சுப் போட்டுடலாம்." இது சரியா? இல்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது?

மெமோ_மணி

தேதி போடாத ராஜினாமா மேசை டிராயரில் இருக்கும் வரைதான் முதலாளிக்குப் பலம். வெளியே எடுத்த அன்றே அவருக்கு எதிரான சாட்சி. ஆபரேட்டர் மறுநாளே பதிவுத் தபாலில் "மிரட்டி எழுதி வாங்கினார்கள்" என்று அனுப்பினால் போதும். இரண்டு கடிதத்திலும் ஒரே வாசகம், ஒரே பேனா, தேதி மட்டும் வேறு கையெழுத்து. கணக்கு முடித்ததற்கான பேப்பரும் இருக்காது. விசாரணையே இல்லாத வேலைநீக்கம் என்று முடிவாகி, பழைய சம்பளத்தோடு திரும்ப எடுக்கச் சொல்லி உத்தரவு வரலாம்.

முதல் வேலை, வாக்குமூலம். சண்டை போட்ட இருவர், விலக்கிவிட்டவர்கள் எல்லோரிடமும் தனித்தனியாக, அவரவர் மொழியில் வாங்குங்கள். ஓசூர் என்பதால் சொல்கிறேன்: தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுகிறவரிடம் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் பின்னால் "எனக்குப் படிக்கத் தெரியாது" என்பார். வேறு ஆள் எழுதினால் "படித்துக் காட்டப்பட்டது, சரி" என்ற வரியும் எழுதியவர் கையெழுத்தும் கீழே வேண்டும்.

அடுத்து கேமரா. காலரைப் பிடித்த நாற்பது விநாடியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். முன்னால் பத்து நிமிடம், பின்னால் பத்து நிமிடம் சேர்த்து எடுங்கள். யார் முதலில் நெருங்கி வந்தார், யார் விரலை நீட்டினார் என்பதெல்லாம் அந்த முன்பகுதியில்தான் இருக்கும். வழக்கு என்று போனால் பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்று கேட்பார்கள். காப்பி எடுக்கும்போதே எடுத்தவர் பெயர், நேரம், ஹாஷ் எண் (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) குறித்து வையுங்கள்.

பிறகு மெமோ. "ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர்கள்" என்பது குற்றச்சாட்டே ஆகாது. "இன்ன தேதி மதியம் 2.10 மணிக்கு, 4ஆம் எண் லேத் அருகே, சூப்பர்வைசரின் சட்டைக் காலரை வலது கையால் பிடித்து இழுத்தீர்கள்" என்று இருக்க வேண்டும். அதே மெமோவில் "உங்களை ஏன் வேலைநீக்கம் செய்யக் கூடாது" என்று சேர்ப்பவர்கள் நிறைய. விசாரிக்கும் முன்பே முடிவெடுத்துவிட்டீர்கள் என்று நீங்களே எழுதிக் கொடுப்பது அது.

சஸ்பெண்ட் செய்வது தண்டனை அல்ல, விசாரணைக்கு இடையூறு வராமல் பார்த்துக்கொள்வதற்கு. இருவரையும் வேறு வேறு ஷிப்டில் போட முடிந்தால் அது மலிவு. சஸ்பெண்ட் செய்தே ஆக வேண்டுமென்றால் பிழைப்பூதியம்: முதல் 90 நாள் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், தமிழ்நாட்டின் 1981 சட்டப்படி அதற்கு மேல் முழுதும். இதைக் கொடுக்காமல் விசாரணை நடத்தினால் விசாரணையே செல்லாமல் போகலாம். பக்கத்துக் கோலாரில் பாரத் கோல்டு மைன்ஸ் பாதுகாப்பு அதிகாரி வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது. கையில் காசில்லாமல் அவரால் விசாரணைக்கு வர முடியவில்லை, அவர் இல்லாமலே நடத்தி முடித்துவிட்டார்கள்.

விசாரணை அதிகாரியாக சம்பவத்தைப் பார்த்தவரோ மெமோவில் கையெழுத்துப் போட்டவரோ கூடாது. ஆபரேட்டர் தனக்குத் துணையாக ஒரு சக தொழிலாளரைக் கேட்டால் அனுமதியுங்கள். சாட்சிகளை அவர் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். ஒவ்வொரு நாள் பக்கத்திலும் எல்லோர் கையெழுத்தும் வேண்டும். முடிந்ததும் அறிக்கையின் நகலை அவரிடம் கொடுத்து, அதன்மேல் அவர் சொல்வதைக் கேட்ட பிறகே தண்டனை. 1993இல் உச்ச நீதிமன்றம் தந்த கருணாகர் தீர்ப்புக்குப் பிறகு இதில் குறுக்கு வழி கிடையாது.

பேசித்_தீர்

மணி சார் சொன்னதில் தப்பில்லை. ஆனால் 85 பேர் ஷாப்பில் முழு என்கொயரி என்றாலே ஆள் இரண்டாகப் பிரியும். சாட்சி சொன்னவனோடு யாரும் டீ குடிக்கப் போகமாட்டான்.

அதைவிடப் பெரிய விஷயத்தை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். மூன்று நாள் டபுள் ஷிப்ட் என்றால் நாளுக்கு 16 மணி, மூன்று நாளில் 48. சட்டம் ஒரு வாரத்துக்கு அனுமதிக்கும் சாதாரண வேலை நேரம் அதுதான்! மெமோ கொடுத்ததும் ஆபரேட்டர் தரப்பு முதலில் கேட்கப்போவது பஞ்சிங் ரெக்கார்டை. ஓடிக்கு (ஓவர்டைமுக்கு) இரட்டைச் சம்பளம் கொடுத்தீர்களா? அவர் சம்மதம் எங்கே? புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கின்றன, ஓடிக்குத் தொழிலாளர் சம்மதம் வேண்டும் என்று அதிலே வெளிப்படையாக இருக்கிறது. காலரைப் பிடித்ததற்கு அது நியாயம் ஆகாது. ஆனால் தண்டனை அதிகம் என்று நீதிமன்றம் குறைக்க அது போதும்.

நான் செய்யச் சொல்வது: இருவரிடமும் தனித்தனியாக உட்காருங்கள், ஆளுக்கு முக்கால் மணி நேரம். "என்ன நடந்தது, இனி எப்படி இருந்தால் இங்கே வேலை செய்ய முடியும்" என்ற இரண்டு கேள்விக்கு மேல் நீங்கள் பேச வேண்டாம். அவரவர் சொன்னதை அடுத்தவரிடம் கொண்டுபோகாதீர்கள். இரண்டு நாள் கழித்து இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, நாலு வரி எழுதுங்கள். ஓடி தேவை என்றால் யார் கேட்பது, எத்தனை மணிக்குள் கேட்பது, முடியாது என்று சொன்னால் அடுத்து யாரை அழைப்பது. "இனி மரியாதையாக நடந்துகொள்வோம்" என்ற வரி ஒரு வாரம்கூட நிற்காது. "மாலை ஷிப்டுக்கு ஆள் வேண்டுமென்றால் காலை 11க்குள் கேட்க வேண்டும்" என்ற வரி நிற்கும்.

ஆபரேட்டர் தூக்கமில்லை, வீட்டில் பிரச்சினை என்று சொன்னால் அதை விசாரணைக் கோப்பில் சேர்க்காதீர்கள். "மனநல டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி வா, அப்புறம் கேட்டுக்குள் வா" என்பது நலன் பார்ப்பது அல்ல, இன்னொரு தண்டனை. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். நம்பரை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், யார் கூப்பிட்டார்கள் என்று விசாரிக்காதீர்கள். யோகா கிளாஸ் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் டபுள் ஷிப்டை நிறுத்துங்கள்.

மெமோ_மணி

48 மணிக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கைவைத்த விஷயத்தை வெறும் பேச்சோடு விட்டால் அடுத்தவர் கைவைக்கும்போது "அவனை மட்டும் விட்டீர்களே" என்பார்கள். நடுவழி இருக்கிறது: இருவருக்குமே மெமோ. ஆபரேட்டருக்குக் காலர், சூப்பர்வைசருக்கு சம்மதமில்லாமல் தொடர் டபுள் ஷிப்ட் போட்டது. விளக்கம் வாங்குங்கள். ஆபரேட்டர் எழுத்தில் ஒத்துக்கொண்டு வருத்தம் தெரிவித்தால் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிக்கலாம், முழு என்கொயரி தேவைப்படாது. வேலையை விட்டு அனுப்பும் எண்ணம் இருந்தால் மட்டும் முழு வழி.

20 தொழிலாளருக்கு மேல் இருப்பதால் குறைதீர்க்கும் குழுவும் கட்டாயம். பத்துப் பேருக்கு மிகாமல், இரு தரப்பும் சமமாக, 30 நாளில் முடிக்க வேண்டும். ஓடி பிரச்சினை அங்கே வந்திருந்தால் ஷாப்பில் காலர் வரை போயிருக்காது.

ஷிப்ட்_பொறுப்பு

இன்ஸ்பெக்‌ஷன் பெண்கள் பற்றி அவர் கத்தியதை என்ன செய்வது? ஐசி கமிட்டி (பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு) பேப்பரில் மட்டும் இருக்கிறது. தலைவர் முதலாளியின் மனைவி, கம்பெனிப் பக்கம் வருவதில்லை.

வெளி_உறுப்பினர்

அதைக் காலர் சண்டையோடு சேர்த்து விசாரிக்காதீர்கள். சமரசக் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பாலியல் தொல்லைப் புகாரில் மேனேஜர் பஞ்சாயத்துப் பேசுவதற்கு 2013 சட்டத்தில் இடமே இல்லை. சமரசம் வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டால் மட்டும், ஐசி வழியாக மட்டும், பணம் பேசாமல்.

முதலில் கமிட்டியைச் சரிசெய்யுங்கள். தலைவர் அங்கே வேலை செய்யும் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும். முதலாளியின் மனைவி சம்பளப் பட்டியலில் இல்லாவிட்டால் அந்தக் கமிட்டி கமிட்டியே அல்ல. உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர், பதவிக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் கூடாது. பத்துப் பேர் இருக்கும் இடத்திலேயே இது கட்டாயம். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். திரும்பவும் தவறினால் இரண்டு மடங்கு, லைசென்ஸுக்கும் ஆபத்து.

இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு: பெண்களை வரிசையாக நிற்கவைத்து, சூப்பர்வைசர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும்போதே, "யாருக்காவது புகார் இருக்கா?" என்று கேட்பது. எல்லோரும் இல்லையென்று தலையாட்டுவார்கள், கேட்டவர் "புகார் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைப்பார். பின்னால் ஒரு பெண் பேசினால் அந்தப் பேப்பர் கம்பெனியைக் காப்பாற்றாது. அவளை மிரட்டியதற்கு ஆதாரமாகத்தான் நிற்கும்.

அதற்குப் பதில், கமிட்டிப் பெண் உறுப்பினர்கள் இருவர் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவோடு அரை மணி நேரம் உட்காரட்டும். ஆண்கள் யாரும் வேண்டாம். எது தொல்லை, எங்கே சொல்வது, பெயர் வெளியே போகாது என்பதை மட்டும் சொல்லுங்கள். உறுப்பினர் பெயரும் போன் நம்பரும் போர்டில் இருக்க வேண்டும், கழிப்பறைப் பக்கம் ஒரு காப்பி ஒட்டினால் இன்னும் நல்லது, அங்கே நின்று படிக்கலாம். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது கமிட்டியின் கடமை.

புகார் வந்தால் ஏழு வேலைநாளில் நகல் புகாருக்கு ஆளானவருக்குப் போக வேண்டும், அது கிடைத்த பத்து வேலைநாளில் அவர் பதில், 90 நாளில் விசாரணை முடிவு. வக்கீல் வரக் கூடாது. இடைக்காலத்தில் யாரையாவது இடம் மாற்ற வேண்டுமென்றால் புகார் தந்த பெண்ணை மாற்றிவிட்டு அவரை அங்கேயே விடாதீர்கள், அது அவளுக்குத் தண்டனை மாதிரித் தெரியும். அவள் கேட்டால் மூன்று மாதம் வரை தனி விடுப்பும் உண்டு. நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே பொய்ப் புகார் என்று நடவடிக்கை எடுக்கக் கூடாது.

ஆபரேட்டரின் மெமோவிலோ விசாரணைப் பக்கங்களிலோ எந்தப் பெண்ணின் பெயரும் வரக் கூடாது. அவர் கத்திய வார்த்தையைச் சாட்சிகள் சொன்னால் "தொடர்பில்லாத பேச்சு, தனியே கமிட்டிக்கு" என்று ஒரு வரி போதும்.

ஷிப்ட்_பொறுப்பு

நன்றி மேடம், நன்றி மணி சார், பேசித்தீர் சார். முதலாளியிடம் 48 மணிக் கணக்கைக் காட்டினேன், ராஜினாமா பேச்சு நின்றது. ஒரு சந்தேகம், டிவிஆரில் (கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டியில்) ஏழு நாள்தான் பதிவு நிற்குமாம்.

மெமோ_மணி

அப்படியென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். காப்பி இரண்டு பென் டிரைவில், ஒன்று ஒட்டிய கவரில். கவர் மேல் இன்றைய தேதி.